குதிரைக்குப் பாஸ்போர்ட் வந்த வருடம்

1

குதிரைக்கு என்ன நட்சத்திரம் என்று அண்ணன் போன் செய்து கேட்டபோது நான் மெல்பர்னுக்கு வெளியே ஒரு லாயத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் காலை ஒன்பது மணி, மலாய் நாட்டில் எங்கள் தேயிலை ஊரான ரிங்லெட்டில் ஆறு. அண்ணன் எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, பூசாரி கேக்குறாருடா. செல்லம்மா பேருக்கு அர்ச்சனை. நட்சத்திரம் என்னா, ராசி என்னா?"

செல்லம்மா என்பது நான் பார்த்துக்கொண்ட பெண்குதிரை. பதிவில் அவளுக்கு நீளமான ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. அது எங்கள் எஸ்டேட்டில் யாருடைய வாயிலும் நுழையவில்லை. ஆகவே அண்ணனும் அவர் கூட்டாளிகளும் கூடிப் பேசி செல்லம்மா என்று வைத்துவிட்டார்கள். அவளை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள் வைத்த பெயர். நாளடைவில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இங்க எல்லாக் குதிரைக்கும் ஆகஸ்ட் ஒண்ணாந் தேதிதான் பொறந்தநாளு. வயசு எண்ண வசதியா இருக்கணும்னு அப்படி வெச்சிருக்காங்க."

"எல்லாத்துக்குமா? ஒரே நாள்லயா?"

"காகிதத்துல அப்படி."

அண்ணன் சிரித்த சிரிப்பில் கோயில் மணியே லேசாக ஆடியிருக்கும். பிறகு, நிஜமாகப் பிறந்த நாள் என்ன என்று கேட்டார். குதிரை வளர்த்தவர்களின் தாளில் ஓர் அக்டோபர் தேதி இருந்தது. மணி இல்லை. மணி தெரியாமல் நட்சத்திரம் எப்படிச் சொல்வது என்று பூசாரி பின்னாலிருந்து அலுத்துக்கொள்வது எனக்குக் கேட்டது. "சாமி பேருக்கே பண்ணிடலாம்லா" என்றார்.

"பண்ணுங்க, பண்ணுங்க. எனக்கும் அப்படித்தானே பண்றீங்க" என்றார் அண்ணன்.

அந்தச் சனிக்கிழமை பந்தயத்தில் செல்லம்மா மூன்றாவதாக வந்தாள். அர்ச்சனையின் பலன் என்று ரிங்லெட்டில் ஒரு கட்சி. நட்சத்திரம் சொல்லாமல் விட்டதால்தான் முதலாவதாக வரவில்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் அண்ணனே தலைவர்.

2

நேற்று அந்த அண்ணனுக்கு முதல் வருடத் திவசம் முடிந்தது. இதை எழுதும்போது அண்ணன் வீட்டு வாசலில் போட்ட கொட்டகையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வாடகை நாற்காலிகளை ஏற்றிப்போக லோரி வந்து நிற்கிறது. பனி இறங்கி எதிர்மலையின் தேயிலை பாதி மறைந்துவிட்டது. நாளை மறுநாள் எனக்கு விமானம்.

வெளிநாட்டில் இருக்கிறாயே, அந்த வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதேன் என்று இங்கே என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். என்ன எழுதுவது? நான் பதினைந்து வயதில் உடம்பு நோஞ்சானாக இருந்தேன் என்பதால் ஈப்போ நகரத்துப் பந்தயத் திடலில் குதிரைகளுக்குச் சைஸ் வேலைக்குப் போனவன். சைஸ் என்றால் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நடக்கவிட்டு, அதன் காலடியிலேயே கிடப்பவன். ஜாக்கி ஆகும் ஆசை இருந்தது. பதினெட்டில் உடம்பு வளர்ந்துவிட்டது, ஆசை நின்றுவிட்டது. பிறகு மெல்பர்னில் ஆள் தேவை என்று சொன்னார்கள். போனேன். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அங்கேயும் அதே வேலைதான், பெயர்தான் வேறு. விடியுமுன் எழுந்து லாயத்துக்குப் போனால் நான்கு குதிரைகள் எனக்காகக் காத்திருக்கும். அவற்றின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பேன். எங்கே சூடு, எங்கே வீக்கம் என்று கைக்குத்தான் தெரியும். பயிற்சி ஓட்டம் முடிந்து வந்ததும் கழுவிவிட்டு, நடக்கவிட்டு, சாணம் அள்ளி, வைக்கோல் மாற்றிப் பதினொரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். மாலையில் மறுபடி. அவசரத்தில் என் வாயில் மலாய்தான் வரும். "துங்கு, துங்கு" என்று கத்துவேன். குதிரை உடனே நிற்கும். மனிதர்கள்தான் என்ன சொன்னாய் என்று கேட்பார்கள்.

பந்தய நாளில் மட்டும் கதை வேறு. அன்றைக்குக் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, தொப்பி வைத்த சீமாட்டிகள் பார்க்க, குதிரையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடக்க வேண்டும். அந்தப் படங்களைத்தான் அண்ணனுக்கு அனுப்புவேன். அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருந்தார். ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் அதிரும் இரண்டு அறை வாடகை வீட்டின் படத்தை நான் ஒருநாளும் அனுப்பியதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

3

ஆஸ்திரேலியாவில் விளையாட்டுப் பைத்தியங்கள் நிறைய என்று சொல்வார்கள். உண்மைதான். ஒரு குதிரைப் பந்தயத்துக்காக ஒரு நகரமே லீவு போடுவதை வேறெங்கே பார்ப்பது? நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மெல்பர்ன் கோப்பை ஓடும்போது பேருந்து ஓட்டுபவர் முதல் பல் டாக்டர் வரை மூன்று நிமிடம் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். ஆனால் நான் பார்த்ததிலேயே பெரிய பைத்தியங்கள் ரிங்லெட்டில், பாய் டீக்கடையின் கடைசி மேசையில்தான் இருந்தார்கள்.

அண்ணன் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டியவர். சனிக்கிழமை பாதி நாள் வேலை முடிந்ததும் லோரியை ஃபாக்டரியில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் நேரே பாய் கடைக்கு வந்துவிடுவார். காசி கிராணி முன்னதாகவே வந்து இடம் பிடித்திருப்பார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், அந்த மேசையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். குதிரைப் பட்டியலைப் போனில் பார்த்து அவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். மேசையில் சிலர் பந்தயம் கட்டுவார்கள். அண்ணன் கட்டமாட்டார். பாய் தன் போனைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிடுவார்.

மெல்பர்னில் மழை பெய்கிறதா என்று ரிங்லெட்டில் கவலைப்பட ஆட்கள் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களா? தரை ஈரமாக இருந்தால் செல்லம்மா நன்றாக ஓடுவாள். அதனால் வெள்ளிக்கிழமையே அண்ணனிடமிருந்து போன் வரும்.

"என்னடா தம்பி, அங்க வானம் எப்படி?"

"வெயிலுண்ணே."

"சே. இங்க நாலு நாளா கொட்டுது, ரோடு சரிஞ்சிருச்சு. இந்த மழைய அங்க அனுப்ப ஒரு வழி இல்ல பாரு."

குளிர்காலத்தில் கால்பந்து. அது நாம் ஆடுகிற கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையிலும் காலிலும் மாறி மாறி அடித்து, ஆள்மேல் ஆள் ஏறிப் பிடிப்பார்கள். முதல்முறை பார்த்தபோது இது ஆட்டமா அடிதடியா என்று அண்ணன் கேட்டார். இரண்டு வருடத்தில் நடுவர் செய்த தவறை எனக்குப் போன் செய்து விளக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். எங்கள் பக்கத்து அணியின் நீலக் கம்பளிச் சால்வை ஒன்றை அனுப்பினேன். அந்த மலைக்குளிருக்கு அது நன்றாகப் பொருந்திவிட்டது. கோயிலுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். "பெருமாளு பொணமானாலும் அந்த சால்வையோடதான் போவாரு" என்று காசி கிராணி அண்ணனைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வார். அப்படித்தான் போனார்.

4

எனக்கு நட்சத்திரம் உண்டு, பிறப்புப் பத்திரம் உண்டு. நான் பக்கத்து டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அண்ணன் எனக்கு எட்டு வருடம் மூத்தவர், எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர். அது பெருமழைக்காலம், மலைப்பாதை சரிந்து எஸ்டேட்டுக்கு வெளியே யாரும் போகமுடியாத வாரம். அம்மாவுக்கு அந்த மழையைத் தவிர வேறு எதுவும் ஞாபகம் இல்லை. எஸ்டேட் டிரெஸர், அதாவது மருந்து கொடுப்பவர், பிறப்பைப் பதிந்துவிடுவார் என்று அப்பா நினைத்தார். அப்போதிருந்த ஆபீஸ் கிராணி பதிவார் என்று டிரெஸர் நினைத்தார். அப்பாதான் வந்து சொல்ல வேண்டும் என்று கிராணி நினைத்தார். இப்படி மூன்று பேர் நினைத்ததில் ஒரு மனிதன் காகிதத்தில் பிறக்காமலே போனான்.

பன்னிரண்டு வயதில் அண்ணனுக்குச் சிவப்பு அடையாள அட்டை கிடைத்தது. இந்த நாட்டில் இருக்கலாம், இந்த நாட்டுக்காரன் இல்லை என்று அதற்கு அர்த்தம். பிறந்த தேதி என்று ஆபீசில் யாரோ ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். சிவப்பு அட்டைக்கு ஓட்டு இல்லை, பாஸ்போர்ட் இல்லை. குடிமகனுக்கான நீல அட்டை கேட்டு மூன்றுமுறை மனுப் போட்டார். ஒவ்வொரு தடவையும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். சில வருடம் கழித்துக் கடிதம் வரும். மனு ஏற்கப்படவில்லை என்று ஒரே வரி. காரணம் இருக்காது. அண்ணன் அதை மடித்து, முந்தைய கடிதத்தோடு சேர்த்து வைத்துவிட்டு லோரி எடுக்கப் போய்விடுவார்.

எஸ்டேட்டுக்கு அப்பால் அவர் போன தூரம் கீழே தாப்பாவும் ஈப்போவும், ஒருமுறை பத்துமலையும். நான் போன முதல் வருடமே சொல்லியிருந்தார்: "ஒரே ஒரு தடவ வந்து ஓடுற எடத்துல, அந்தக் கம்பிவேலிக்குப் பக்கத்துல நிக்கணும்டா. டிவியில பாக்குறது வேற. நீ கூட்டிட்டு நடந்து வரணும், நான் பாக்கணும்."

செல்லம்மா நன்றாக ஓட ஆரம்பித்த பிறகு ஒரு வருடம் அவளை ஹாங்காங் பந்தயத்துக்கு அனுப்பலாம் என்று முதலாளி யோசித்தார். அதற்காக அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். ஆமாம், குதிரைக்கும் உண்டு. சிறு புத்தகம். நான் பெரிய வேடிக்கை என்று நினைத்து அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அழிக்கப் பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார்.

போன் வந்தது. பின்னால் பாய் கடையே சிரித்துக்கொண்டிருந்தது.

"இதுல அவ போட்டோ இல்லயேடா?"

"போட்டோ கெடயாதுண்ணே. கோட்டுப் படம்தான். நெத்தியில வெள்ளை எங்க, சுழி எங்கன்னு குறிச்சிருக்கும்."

"சுழியெல்லாம் போடுவானா? வெள்ளக்காரன் வெவரமானவன்தான். எங்க இருக்கு சுழி?"

"நெத்தி நடுவுல ஒண்ணு. கழுத்துல ரெண்டு பக்கமும்."

"நல்ல சுழி. ராசியான கழுதடா அவ" என்றார். பிறகு, "பரவால்ல, நம்ம வீட்டுல ஒரு ஆளுக்காச்சும் சீக்கிரம் கெடச்சிருச்சு" என்றார். மேசையில் மறுபடி சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை அனுப்பிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. ஹாங்காங் பயணமும் கடைசியில் நடக்கவில்லை.

5

நான்காவது மனு ஏற்கப்பட்டது. எப்படி, ஏன் என்று யாருக்கும் தெரியாது. மூன்று தடவை மறுத்ததற்குக் காரணம் சொல்லாதவர்கள் கொடுத்ததற்கும் சொல்லவில்லை. அண்ணனுக்கு அப்போது அறுபத்திரண்டு முடிந்திருந்தது. நீல அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சால்வையோடு, பாய் கடை வாசலில் நிற்கிற படம் வந்தது. பாய் அன்றைக்குக் கடையில் இருந்த எல்லாருக்கும் தே தாரிக் டீ கொடுத்தாராம்.

அடுத்த மாதமே பாஸ்போர்ட். அதற்கடுத்த வாரம் காசி கிராணி போனிலேயே ஆஸ்திரேலிய விசாவுக்கு எழுதிப்போட்டார், மறுநாளே வந்துவிட்டது. "அறுவது வருஷம் இங்கயே நின்னேன். வெளிநாட்டுக்காரன் ஒரே நாள்ல வான்னுட்டான்லா" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கோப்பை நாளன்று செல்லம்மாவும் ஓடுவதாக இருந்தது. கோப்பையில் இல்லை, அதற்கு முந்திய ஒரு சிறிய பந்தயத்தில். அண்ணனுக்கு அதெல்லாம் வித்தியாசம் இல்லை. டிக்கெட் எடுத்தாயிற்று. தானா ராத்தாவில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினார். அண்ணி பருப்புப்பொடி இடித்தார். பொடி, விதை எதுவும் கொண்டுவர வேண்டாம், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று நான் தினமும் போனில் கத்தினேன்.

இன்னொரு கவலையும் எனக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் தேன்மொழி. யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். சிறுவயதில் என் தோளில் உட்கார்ந்து குதிரைக்குக் கேரட் கொடுத்தவள். பத்தொன்பது வயதில் ஒருநாள், குதிரைப் பந்தயம் கொடுமை, நீங்கள் அந்தப் பணத்தில் சோறு போடுகிறீர்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு கோப்பை நாளும் பந்தயத் திடல் வாசலில் அட்டை பிடித்து நிற்கிற கூட்டத்தில் அவளும் இருப்பாள். கோட் போட்டுக்கொண்டு வேறு வாசல் வழியாக நான் உள்ளே போவேன். இதையெல்லாம் அண்ணன் வந்து பார்க்க வேண்டுமா என்று மனதுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அதிரும் ஜன்னலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடி போட்டு மாட்டிய படத்தில் அது எதுவும் இல்லையே.

6

அண்ணன் புறப்படுவதற்குப் பதினெட்டு நாள் முன்பு, காலைப் பயிற்சி ஓட்டத்தில் செல்லம்மாவின் முன்னங்கால் முறிந்தது.

பந்தயத்தில்கூட இல்லை. ஓட்டத்தை முடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பும்போது. நான் வேலியோரம் துண்டோடு நின்றிருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. அவள் மூன்று காலில் நின்றாள். விழவில்லை, கத்தவில்லை, என்னைத்தான் தேடிப் பார்த்தாள். ஓடிப்போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். மிருக டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார். ஊசி போடுவதை யாரும் பார்க்காதபடி பச்சைத் திரையைச் சுற்றிக் கட்டினார்கள். நீ போய்விடு என்று டிரெய்னர் சொன்னார். நான் போகவில்லை. "ஒண்ணுமில்ல செல்லம்மா, ஒண்ணுமில்ல" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய்தான்.

எப்படியோ கேள்விப்பட்டு அன்று சாயங்காலம் தேன்மொழி லாயத்துக்கு வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறை. எனக்குச் சொல்லிக்காட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் காலியான கொட்டடியின் வாசலில் என்னோடு உட்கார்ந்தாள். போகும்போதுதான் கேட்டாள்.

"பெரியப்பாகிட்ட சொல்லிட்டீங்களா அப்பா?"

"இல்ல."

"சொல்லுங்க. ஹீ ஷுட் நோ. அவங்க கேட்டா ரொம்ப அழுவாங்க, பட் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அறுபது வருடம் காத்திருந்து ஒரு மனிதன் முதன்முதலாக விமானம் ஏறுகிறான். வந்து இறங்கியதும் காலிக் கொட்டடியைக் காட்டவா? பந்தயத்தில் நடந்திருந்தால் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். பயிற்சியில் நடந்தது ரிங்லெட்டுக்கு எங்கே தெரியப்போகிறது என்று எண்ணினேன். மறுநாள் போன் செய்தேன்.

"அண்ணே, இந்த வருஷம் வேணாம்ணே. அடுத்த வருஷம் வாங்களேன்."

"ஏன்டா?"

"செல்லம்மாவுக்கு லேசா கால்ல வீக்கம். ஓட மாட்டா. ஓய்வுக்குப் புல்வெளிக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுலயும் கொஞ்சம் வேல நடக்குது, எடம் பத்தாது."

பாய் கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"நீ நல்லாதான்டா இருக்க?" என்று கேட்டார்.

"நல்லாதாண்ணே இருக்கேன்."

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேன்."

"சரி தம்பி. அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

உண்மையைச் சொல்வதென்றால், போனை வைத்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்க மறுக்கிறது.

அதன்பிறகும் சனிக்கிழமைகளில் பேசினோம். கால்பந்து பேசினார், மழை பேசினார், காய்கறி விலை பேசினார். செல்லம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஓடாத குதிரையைப் பற்றி என்ன கேட்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். தை கடைசியில் ஒரு காலை, லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். தானா ராத்தா ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

7

இந்த ஒரு வருடத்தில் நான் சுமந்தது அந்தப் பொய்யைத்தான். அண்ணன் செல்லம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நம்பியே போனார், சாகிறவரை ஒரு மனிதனை ஏமாற்றிவிட்டேன் என்று. அண்ணியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் இந்தத் தடவை வந்தேன்.

நேற்று படையல் முடிந்து, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, மத்தியானம் மூன்று மணி இருக்கும், அண்ணி சமையலறையில் பெரிய அண்டாவைத் துலக்கிக்கொண்டிருந்தார். காசி கிராணி சமையலறைப் பின்வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் அண்ணி பக்கத்தில் மணையில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அண்ணன் வர்றதா இருந்தப்ப அந்தக் குதிர ஓய்வுல இருக்குன்னு சொன்னேன்ல. அது பொய். அது அப்பவே செத்துப்போச்சு."

அண்ணி கையை நிறுத்தவில்லை. "தெரியுமே தம்பி" என்றார்.

"தெரியுமா? எப்ப?"

"அன்னைக்கே தெரியும். கிராணிதான் ஓடியாந்தாரு."

நான் வாசலைப் பார்த்தேன். காசி கிராணி தலையைக் குனிந்துகொண்டார். "சிவா, உன் குதிர செத்தத போன்ல நியூஸா போட்டிருந்தான். குதிர பேரோட போட்டிருந்தான். நான் படிச்சிட்டு நேரா இங்கதான் வந்தேன். நான் சொல்லாம இருந்திருக்கணும். மனசு கேக்கல" என்றார்.

"அப்படின்னா அண்ணன் எங்கிட்ட ஏன் கேக்கல?"

அண்ணி அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"கேட்டதும் அழுதாரு. அப்பறம் எந்திரிச்சு பெட்டிய எடுத்து துணி அடுக்க ஆரம்பிச்சிட்டாரு. பதினெட்டு நாளு இருக்கே, இப்ப என்னாத்துக்கு அடுக்குறீங்கன்னு கேட்டேன். 'தம்பி அத புள்ள மாதிரி வளத்தான். இப்ப தனியா கெடப்பான். டிக்கெட்ட மாத்திக்கிட்டு முன்னாடியே போயி ரெண்டு வாரம் கூட இருக்கணும். குதிர ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன'ன்னாரு. கிராணிகிட்ட சொல்லி டிக்கெட் மாத்தவும் ஏற்பாடு பண்ணிட்டாரு. மறுநாளுதான் நீ போன் பண்ணுன, வர வேணாம்னு."

அந்தப் போனில் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் திரும்ப வந்தது. நல்லாதான்டா இருக்க? சாப்புட்டியா? நான் சொல்லட்டும் என்று வாசல் திறந்துவைத்துக் காத்திருந்திருக்கிறார். நான் வீட்டில் இடம் பத்தாது என்று சொன்னேன்.

"போன வெச்சிட்டு என்ன சொன்னாரு அண்ணி?"

"ஒண்ணும் சொல்லல தம்பி. பெட்டியில இருந்து துணிய எடுத்து அலமாரியில வெச்சாரு. 'அவன் பெரிய மனுசங்களோட பழகுறவன், நான் போயி நின்னா அவனுக்குத் தோதுப்படாது போல. விடு'ன்னாரு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல."

"ஐயோ, அப்படி இல்ல அண்ணி. சத்தியமா அப்படி இல்ல. அவரு வந்திருந்தா நான்..." ஜன்னல் அதிரும் அந்த வீட்டை, சாணம் அள்ளும் கையை, அட்டை பிடித்து நிற்கிற மகளை, எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. பெரிய மனுசன் யாரும் இல்லை அண்ணி, அங்கே எனக்கு யாருமே இல்லை என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

அண்ணியின் முகத்தில் கோபம் இல்லை. என் தலையில் கை வைத்தார்.

"அத நீ அவருகிட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார்.